துயிலுக்கு அளவு கண்ட ஜோன் ஸ்னோ

சத்திரசிகிச்சை செய்து சுகமடைந்து வீடு திரும்பிய ஒருவரைக் காணச் செல்கின்றோம். கத்தி எடுத்த வைத்தியரை அவர் வாயார வாழ்த்துவார். படுக்கையருகே வந்து மருந்து கொடுத்த தாதியரையும் நன்றியோடு நினைவுகூர்வார். மயக்கமருந்து கொடுத்தவர் யார் என்று வினவினால் மட்டும் சற்றே விழிப்பார். தலைமாட்டில் யாரோ ஒருவர் நின்றார் என்பார். முப்பதாண்டுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரியும் யான், இவ்வாறு நோயுற்றெழுந்த எத்தனையோ பேரைக் கண்டு பேசியிருக்கின்றேன். அத் தலைமாட்டு மனிதரின் பெயரைச் சொன்னவர் ஒருவரையேனும் கண்டிலேன். அதில் வியப்பில்லை. நோயாளி எல்லாவற்றையும் மறந்திருக்கும் அந்த வேளையிலேதான் அவர் தம் கடமையைச் செய்கின்றார்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறுகின்றார். நோயுற்றவன் ஒருவன், நோய் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, இம் மூன்றோடும் ஒப்ப, அருகிலிருந்து பேணுபவன் ஒருவன். மேனாட்டுச் சத்திரசிகிச்சைக் கூடத்திலே இந் நான்காமவனுக்கு நெடுங்காலம் இடம் இருந்ததில்லை. நோயாளியின் அருகே நின்றவர்கள் அவன் கைகால்களைத் துள்ளவிடாமல் அழுத்திப் பிடிக்கும் வலியவர்களே. நோயாளியின் மூச்சையும் நாடியையும் பார்த்து நிற்பதையே தம் முழுவேலையாகக் கொண்ட வைத்தியர் பின்னரே தோன்றினார். அப் பணியை ஒரு துறையாக்கிய முதல்வராக மதிக்கப்படுபவர் ஜோன் ஸ்னோ.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இப் பெயர் புதிதன்று. இலண்டன் மாநகரிலே வாந்திபேதி நீரினாற் பரவுவதைக் காட்டி, தெருவோரத்து நீர்ப்பம்பியின் கைப்பிடியைக் கழற்றச் செய்தவர் என்று பாடநூல்கள் கூறும். அது மெய்யே. ஆயினும் அது அவர் வாழ்வின் ஒரு பாதி. அவருக்குச் சோறு போட்டது மற்றைப் பாதி. இறுதி நோய் வந்து தாக்கியபோது அவர் எழுதிக்கொண்டிருந்ததும் அதனைப் பற்றியே. அம் மற்றைப் பாதியை ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

வறுமையும் கல்வியும்

ஜோன் ஸ்னோ 1813ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள், இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க் நகரிலே பிறந்தார். ஊஸ் ஆற்றை அடுத்த வறியோர் குடியிருப்பிலே அவர் வீடு இருந்தது. தந்தையார் நிலக்கரிக் கிட்டங்கியிலே கூலிவேலை செய்தவர். ஒன்பது பிள்ளைகளுள் இவர் மூத்தவர். பதினான்காம் வயதிலே நியூகாசில் நகரத்து வில்லியம் ஹாட்காசில் என்னும் வைத்தியரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். நமது குருகுலவாசத்தை ஒத்த கல்வி அது. குருவின் வீட்டிலிருந்து, அவர் ஏவிய பணி செய்து, கண்டும் கேட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய காலத்தில், கில்லிங்வேத் என்னும் நிலக்கரிச் சுரங்கத்திலே வாந்திபேதி புகுந்தது. அங்குள்ள தொழிலாளரைப் பார்க்க அனுப்பப்பட்டவர் இவ் இளைஞரே.

பதினேழு வயதளவிலே புலாலை நீக்கி மரக்கறியுணவை மேற்கொண்டார். மதுவையும் விலக்கினார். பிற்காலத்தில் உடல் தளர்ந்தபோது வைத்தியர் சொற்படி இந் நோன்பைச் சற்றே தளர்த்தினாரேனும், எளிய வாழ்க்கையை இறுதிவரை விட்டிலர். மணம் செய்துகொள்ளவுமில்லை.

1836ஆம் ஆண்டிலே மேற்படிப்புக்காக இலண்டனை நோக்கிப் புறப்பட்டார். கால்நடையாகவே சென்றார். நேர்வழியையும் கொள்ளாமல் லிவர்பூல், வேல்ஸ் நாடு, பாத் நகரம் என்று சுற்றிக்கொண்டு சென்றார். 1838இலே பரீட்சைகளில் தேறி, சோகோப் பகுதியில் பிரித் வீதியில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். நோயாளர் மிகச் சிலரே வந்தனர். செல்வரை வசப்படுத்தும் தோற்றமும் இனிய குரலும் அவருக்கு வாய்க்கவில்லை. வெஸ்ற்மின்ஸ்ரர் மருத்துவ சங்கத்துக் கூட்டங்களுக்குத் தவறாது செல்வார், எழுந்து பேசுவார். தொடக்கத்தில் அவர் பேச்சுக்கு மறுமொழி கூறுவாரும் இலர். அவர் பேசுவதை விடவில்லை. அச் சங்கமும் வேறொரு சங்கமும் ஒன்றாகி எழுந்த இலண்டன் மருத்துவ சங்கத்துக்கு 1855இல் அவரே தலைவரானார்.

அவ் இளமைக் காலத்திலேயே அவர் சிந்தையைக் கவர்ந்த பொருள் மூச்சு. மூச்சடைத்துப் பிறக்கும் குழந்தைகளை உயிர்ப்பிப்பது எவ்வாறு என்பது பற்றி 1841இலே ஒரு கட்டுரை படித்தார். எந்த வாயு நுரையீரலுட் சென்றால் என்ன நிகழும், எவ்வளவு சென்றால் நிகழும் என்பன அவர் இடைவிடாது ஆராய்ந்த வினாக்கள். நோயாளர் வாராத ஓய்வு அதற்கு உதவிற்று. 1844இலே இலண்டன் பல்கலைக்கழகத்து வைத்திய கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். ஐந்தாண்டின் பின் உலகுக்கு வேண்டப்படப்போகும் அறிவை அவர் முன்னரே தேடி வைத்திருந்தார்.

ஈதர் வந்த வரலாறு

அக்காலச் சத்திரசிகிச்சை எத்தகையது என்பதை இன்று நினைத்தாலும் உடல் நடுங்கும். நோயாளி விழித்திருக்க, நால்வர் பிடித்திருக்க, கத்தி ஓடும். விரைவு ஒன்றே கருணையாகக் கருதப்பட்டது. இலண்டனிலே பெரும்புகழ் பெற்ற றொபேட் லிஸ்டன் என்பார், ஒரு காலை அரை நிமிடத்துக்குள் துணிக்க வல்லவர் என்று போற்றப்பட்டார். வயிற்றையோ நெஞ்சையோ திறந்து ஆறுதலாகச் செய்யவேண்டிய சிகிச்சைகள் நினைக்கவும் இயலாதன.

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பொஸ்டன் நகரிலே, மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே, மோட்டன் என்னும் பல்வைத்தியர் ஒருவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரக் கொடுத்தார். அவன் கழுத்திலிருந்த கட்டியை வைத்தியர் அறுத்தெடுத்தார். நோயாளி கதறவில்லை. அச் செய்தி கப்பலேறி அவ்வாண்டு டிசெம்பரில் இலண்டனை அடைந்தது. 21ஆம் நாள் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலைத் துணித்தார். நகரெங்கும் ஒரே பேச்சாயிற்று.

ஆயின், மகிழ்ச்சி ஆறுமுன் குழப்பம் வந்தது. ஈதர் முகர்ந்தவருள் சிலர் சில நிமிடத்தில் அயர்ந்து துயின்றனர். சிலர் இருமித் திமிறினர். சிலருக்குத் துயிலே வரவில்லை. ஒரே மருந்து, ஒரே கருவி, பயனோ வெவ்வேறு. இது நம்பத்தக்க மருந்தன்று எனச் சில வைத்தியர் அதனைக் கைவிடவும் தலைப்பட்டனர்.

ஸ்னோ கேட்ட கேள்வி ஒன்று. நோயாளி இழுக்கும் காற்றிலே ஈதர் எவ்வளவு கலந்திருக்கின்றது?

விடை எளிதாயினும் பிறர் எண்ணாதது. வெப்பம் மிகுந்தால் காற்று மிகுந்த ஈதர் ஆவியைத் தாங்கும். குளிர்ந்தால் குறைந்த அளவே தாங்கும். அன்றியும், ஈதர் ஆவியாகுந்தோறும் தன்னிருப்பிடத்தைத் தானே குளிரச் செய்யும். எனவே, அனல் மூட்டிய அறையில் மிகுதியாகவும் குளிர்ந்த அறையில் குறைவாகவும், தொடக்கத்தில் வலிதாகவும் போகப்போக மெலிதாகவும் அக் கருவிகள் மருந்தை ஊட்டிவந்தன. ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்று எவ்வளவு ஈதரைத் தாங்கும் என்பதை அளந்து, 1847 ஜனவரி மாதத்திலேயே ஓர் அட்டவணை வெளியிட்டார். அதற்கேற்ற கருவியொன்றையும் அமைத்தார். ஈதர் இருக்கும் உலோகப் பாத்திரம் நீருள் அமிழ்ந்திருக்கும். நீரின் வெப்பம் ஆவியின் அளவை நிலைநிறுத்தும். மூச்சுத் தடைப்படாமைப் பொருட்டுக் குழாயை அகலமாக்கினார். சில வாரங்களில் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையார் அவரை அழைத்துக்கொண்டனர். நோயாளர் வாராத பிரித் வீதி வைத்தியரை இப்பொழுது பெரும் சத்திரவைத்தியர்கள் தேடி வந்தனர்.

அவ்வாண்டிலேயே ஈதர் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மயக்கத்தை அவர் ஐந்து படிகளாக வகுத்தார். முதற்படியில் அறிவு தெளிவாயிருக்கும். இரண்டாவதிலே அறிவு கலங்கும். மூன்றாவதிலே அறிவும் தன்வயமான அசைவும் ஒடுங்கும். நான்காவதிலே மூச்சைத் தவிர வேறசைவு இராது. ஐந்தாவதிலே மூச்சும் தடுமாறும். அதற்கு அப்பாலுள்ளது மரணம். இவ் ஐந்தாம் படியை அவர் விலங்குகளிடத்தே மாத்திரம் கண்டறிந்தார். மருந்து கொடுப்பவர் கண்ணையும் உடலசைவையும் மூச்சையும் நோக்கி, நோயாளி எந்தப் படியில் நிற்கின்றான் என்பதைக் கணந்தோறும் அறிதல் வேண்டும். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இவ் வகுப்பிலே ஒரு தனி ஈடுபாடு. பெயரிட்டு வரையறுக்கப்படாத ஒன்றை ஒருவர் மற்றொருவர்க்குக் கற்பித்தல் இயலாது. ஸ்னோ வகுத்தமையால் மயக்கம் கற்பிக்கத்தக்கதொரு கலையாயிற்று.

குளோரோபோமும் ஒரு சிறுமியின் மரணமும்

1847 நவம்பரிலே எடின்பரோ நகரத்துச் சிம்சன் என்னும் பேராசிரியர் குளோரோபோமைக் கொணர்ந்தார். அது இனிய மணமுடையது, விரைந்து துயிலூட்டுவது. கருவியும் வேண்டியதில்லை; ஒரு துணியிலே சில துளி தெளித்து மூக்கருகே பிடித்தாற் போதும். வைத்தியர் பலர் ஈதரை விட்டு இதனைக் கைக்கொண்டனர்.

மூன்று மாதம் கழியவில்லை. 1848 ஜனவரி 28ஆம் நாள், நியூகாசிலை அடுத்த வின்லற்றன் என்னும் ஊரிலே, ஹன்னா கிறீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகமொன்றை எடுக்கக் குளோரோபோம் கொடுத்தனர். சில நிமிடங்களில் அவள் இறந்தாள். நகமெடுக்க வந்தவள் பிணமாகினாள். ஸ்னோ இளமையிலே தொழில் பயின்ற நகரத்தின் அயலிலேயே இது நிகழ்ந்தது.

மருந்தைப் பழித்தோர் சிலர். விதியென்று அமைந்தோர் சிலர். ஸ்னோ அளவைத் தேடினார். கொள்ளளவு தெரிந்த கண்ணாடிச் சாடிகளுள் சிற்றுயிர்களை வைத்து, காற்றிலே குளோரோபோம் எத்தனை பங்கு கலந்தால் என்ன நிகழும் என்று நோக்கினார். நூற்றுக்கு நாலைந்து பங்கு வரையில் துயில் படிப்படியாக வரும். அதனை இருமடங்காக்கினால், மூச்சு நிற்கும் முன்னரே நெஞ்சு திடீரென நின்றுவிடக்கூடும். துணியிலே தெளிக்கப்பட்ட மருந்து ஒரு மூச்சுக்கு எவ்வளவு செல்கின்றது என்பதைத் தெளித்தவரும் அறியார். சிறுமியின் உயிர் அவ் அறியாமையால் நீங்கியது என்பது அவர் முடிபு. அளவோடு ஊட்டும் கருவியொன்றைக் குளோரோபோமுக்கும் அமைத்தார். பின்னர், அம் மருந்தால் நேர்ந்தனவாகக் கூறப்பட்ட ஏறத்தாழ ஐம்பது மரணங்களின் விவரத்தைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார்.

அம் முடிபு முழுதும் நிலைபெற்றதென்று கூறலாகாது. குளோரோபோம், மயக்கம் மெலிதாயிருக்கும்போதும் இதயத்துடிப்பைத் திடீரெனக் குழப்பவல்லது என்பதை 1911இலே லெவி என்னும் ஆராய்ச்சியாளர் காட்டினார். நாளடைவில் அம் மருந்தே வழக்கொழிந்தது. எனினும், அளவறியாது ஊட்டற்க என்ற விதி ஒழியவில்லை. வெப்பம் மாறினும் ஆவியின் அளவு மாறாதவாறு அமைந்த கருவிகளையே இன்றைய சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் காண்கின்றோம்.

குறிப்பேடும் நேர்மையும்

1848 தொடங்கித் தாம் இறக்கும் ஆண்டுவரை, மயக்கமருந்து கொடுத்த நோயாளரைப் பற்றி ஸ்னோ நாள்தோறும் குறிப்பெழுதினார். அக் குறிப்பேடுகள் இலண்டன் மருத்துவர் கல்லூரியிலே பேணப்படுகின்றன. நோயாளியின் வயது, நோய், கொடுத்த மருந்து, மயங்கிய விதம், விழித்த பின் நிலை என்பன அவற்றுட் காணப்படும். குழவிகளும் முதியோரும், பல் பிடுங்க வந்தவரும் மார்பகம் அகற்ற வந்தவரும் அங்கே ஒரு வரிசையில் நிற்கின்றனர். நாலாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு அவர் குளோரோபோம் கொடுத்தார். அத்தனை பேருள் இறப்பு மிக அரிதாகவே நேர்ந்தது.

அவர் பெருமையை நான் அவ் எண்ணிக்கையினும் மற்றொன்றிலே காண்கின்றேன். 1856இலே அமிலீன் என்னும் புதிய மருந்தொன்றை அவர் வழக்குக்குக் கொணர்ந்தார். இருநூறுக்கு மேற்பட்டோர்க்குக் கொடுத்தார். அவருள் இருவர் இறந்தனர். குளோரோபோம் மரணங்களைப் பற்றி ஊரெல்லாம் அறியப் பேசியவர், தம் கையால் நேர்ந்தவற்றை மூடி மறைக்கவில்லை. இரண்டையும் தாமே விவரித்து வெளியிட்டார். அம் மருந்தையும் கைவிட்டார். தாம் கண்டெடுத்த மருந்தின்மீது தமக்கே பற்றுண்டாவது மனித இயல்பு. அதனை வென்றவர் அவர்.

அரசியின் படுக்கையறையில்

1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் இளவரசர் லியோபோல்ட்டைப் பெற்றபொழுது, ஸ்னோ அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அரசியை அவர் முற்றாக மயக்கவில்லை. நோவு எழுந்தபோதெல்லாம் கைக்குட்டையிலே சிறிதளவு மருந்து வார்த்து முகரக் கொடுத்தார். ஐம்பத்துமூன்று நிமிடம் இவ்வாறு நிகழ்ந்தது. மருத்துவ ஏடொன்று இதனைக் கண்டித்தது. இயல்பான மகப்பேற்றுக்கு இத்தகைய ஆபத்து ஏன் என்று கேட்டது. அரசியாரோ 1857இலே இளவரசி பியாற்றிசைப் பெற்ற பொழுதும் அவரையே அழைப்பித்தார். அரசி ஏற்றுக்கொண்டதை நாட்டுப் பெண்டிரும் அஞ்சாது கேட்கத் தொடங்கினர்.

கூலியாளின் மகன் அரசியின் பக்கத்தில் நின்றார். மருந்தின் அளவு மாத்திரம் அங்கும் அளவாகவே இருந்தது.

வாந்திபேதி ஆராய்ச்சியும் இவ் அறிவினின்று தூரமானதன்று. நச்சுக்காற்றினால் வாந்திபேதி வருகின்றது என்றே அக்கால அறிஞர் பலர் நம்பினர். காற்றிலே கலந்த எந்தப் பொருளும் பரவப் பரவ மெலியும் என்பதையும், முகரப்பட்ட நஞ்சு எவ்வாறு உடலைத் தாக்கும் என்பதையும் நாள்தோறும் கண்டவர் ஸ்னோ. இந்நோயோ குடலிலே தொடங்குகின்றது. ஆதலின் அது வாய்வழிப் புகுவதே என்று 1849இலே எழுதினார். 1854இலே புறோட் வீதியைச் சூழ்ந்த பகுதியில் அந் நோய் மூண்டு அறுநூறுக்கு மேற்பட்டோரை மாய்த்தபொழுது, அங்கிருந்த பம்பியின் நீரையே அவர் ஐயுற்றார். அவர் சொற்படி செப்டெம்பர் 8ஆம் நாள் கைப்பிடி கழற்றப்பட்டது. மூச்சை அளந்தவரே நீரையும் ஐயுற்றார்.

முடிவும் தொடர்ச்சியும்

1858 ஜூன் மாதத்திலே, குளோரோபோமும் பிற மயக்கமருந்துகளும் பற்றிய தம் பெருநூலை எழுதிக்கொண்டிருக்கையில், பக்கவாதம் அவரைத் தாக்கியது. அம் மாதம் 16ஆம் நாள் இறந்தார். வயது நாற்பத்தைந்து. பிறம்ரன் மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டார். நண்பராகிய பெஞ்சமின் வாட் றிச்சாட்சன் அந் நூலை அவ்வாண்டிலேயே வெளியிட்டார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஜோசப் குளோவர் என்பவர் தொடர்ந்தார். மருந்து கொடுக்குங்கால் நோயாளியின் நாடியிலே எப்போதும் விரல் வைத்திருப்பவர் எனப் பெயர் பெற்றவர் அவர். இங்கிலாந்திலே 1893இல் இத்துறை வைத்தியர்க்கென ஒரு சங்கம் எழுந்தது. மயக்கமருந்து வைத்தியருக்கான அந்நாட்டு அரச கல்லூரியின் இலச்சினையிலே, கேடயத்தின் இருபுறமும் ஸ்னோவும் குளோவரும் நிற்கின்றனர். அமெரிக்காவிலே தாதியரும் இக் கலையைப் பயின்று வளர்த்தனர். மினசோட்டா மாநிலத்து றொச்செஸ்ரர் நகரிலே அலிஸ் மகோ என்னும் தாதி பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி 1906இலே எழுதினார். மயக்கமருந்தினால் நேர்ந்த மரணம் ஒன்றேனும் அவற்றுள் இல்லை.

இன்று கருவிகள் பல வந்துள்ளன. விரலிலே மாட்டிய சிறு கருவி குருதியின் ஒட்சிசனைக் காட்டும். மற்றொன்று வெளிவிடும் மூச்சின் காபனீரொட்சைட்டைக் காட்டும். ஆயினும், கருவி காட்டுவதைக் கண்டு உடனே செய்வன செய்ய ஒருவர் தலைமாட்டில் நின்றே ஆகவேண்டும். சத்திரவைத்தியர் தம் கண்ணைப் புண்ணினின்று எடுக்காமல் இருப்பது, மற்றொருவர் தம் கண்ணை மூச்சினின்று எடுக்காமல் இருப்பதனாலேயே.

சத்திரசிகிச்சைக்கு முன்னாள் ஒருவர் வந்து, எப்போது உண்டீர்கள், என்னென்ன மருந்து எடுக்கின்றீர்கள், ஆடும் பல் உண்டா, முன்பு மயக்கமருந்து ஒவ்வாதிருந்ததா என்று கேட்பார். சிறு கேள்விகள் என்று எண்ணி மழுப்பலாகாது. வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்திலே அது மேலெழுந்து நுரையீரலுட் புகுதலும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஓர் உயிரின் கதை இருக்கின்றது. உள்ளதை உள்ளவாறு கூறுதல் வேண்டும். வைத்தியபீடம் புகும் நம் மாணவர்களும், சத்திரவைத்தியரின் புகழ் ஒன்றையே நோக்காது, இத் துறையையும் நோக்குவாராக. மற்றையோர்க்கு நான் சொல்வது இவ்வளவே: கேள்விகளுக்கு விடை கூறி முடித்தபின், கேட்டவரின் பெயரையும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.